தூக்க ஓ.பி.

எங்கள் தெருவில் நான் இன்றைக்கும் ரத்தம் இல்லாத பெண்தான். எம்.ஏ., பி.எட். முடித்து, சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். ஆனாலும் காலையில் மினிபஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்வீட்டுச் சித்தி ஒரு பிடி முருங்கைக்கீரையை என் பையில் திணித்துவிட்டு, "கண்ணெல்லாம் வெளுத்துக் கெடக்கு, ஆக்கித் தின்னுடி" என்று சொல்லாமல் விடமாட்டார். எனக்கு ஒருநாளும் ரத்தசோகை வந்ததில்லை. அந்த நோயை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர் ஒரு நர்ஸ்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. 'தூக்க சிஸ்டர்' என்றால்தான் தெரியும். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

குமராட்சியைத் தாண்டி, கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. சுற்றிலும் நெல் வயல். ஊர் முனையில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே வியாழக்கிழமைகளில் அவர் வருவார். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறை மறுநாள் சும்மா கிடக்கும். அதனால் அந்த அறையும் அந்த நாளும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, மினிபஸ் பிடித்து வர வேண்டும். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. ஒன்றில் நோயாளிகளின் பதிவேடு, இன்னொன்றில் மாத்திரை.

ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர். குரல் மட்டும் கடற்கரைக் குரல், காற்றை மீறிப் பேசிப் பழகியது. அதை அடக்கிக்கொண்டு நோயாளிகளிடம் தணிவாகப் பேசுவதற்கு அவர் படும் பாடு பார்க்க வேடிக்கையாக இருக்கும். வரிசையில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மறந்துபோய்க் கத்திவிடுவார். கத்தியதும் உதட்டைக் கடித்துக்கொள்வார்.

யாரைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "தூக்கம் எப்படி இருக்கு?" கை உடைந்து கட்டுப் போட வந்தவரிடமும் கேட்பார். கூட்டிப் பெருக்கும் ஆயாவிடமும், மினிபஸ் கண்டக்டரிடமும் கேட்பார். சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் ஒருமுறை கேட்க, அவர் கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று ஆயா எங்களிடம் சொன்னார்.

அந்த அறையில் நாலு நாற்காலிகள் இருந்தன. கடலூரிலிருந்து வர வேண்டிய குழு நாலு பேர் கொண்டது. மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ். நாலு பேருக்கும் நாற்காலி வந்து சேர்ந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை. டாக்டர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியவர். மாதம் ஒருமுறை வருவார், வராத மாதமும் உண்டு. உளவியலாளர் பணியிடம் நான் பார்த்தவரை காலியாகவே இருந்தது. சமூகப் பணியாளர் ஒப்பந்தம் முடிந்து வேறு வேலைக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர் சிஸ்டர் மட்டும். டாக்டர் எழுதிக் கொடுத்ததை வைத்து மாத்திரை தருவதும், அதில் சந்தேகம் வந்தால் டாக்டரம்மாவிடம் ஓடுவதும், பேசுவதும், வீடு தேடிப் போவதும் எல்லாம் அவர்தான்.

அதைப் பற்றி அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கேலிதான் செய்வார். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், மகன் வெள்ளத்தில் போனபிறகு வாய் திறக்காமல் இருந்தவர், இவரிடம் வர ஆரம்பித்தபின் பேசத் தொடங்கியிருந்தார். அவரைக் கண்டதும் சிஸ்டர் இரண்டாவது நாற்காலியைக் காட்டுவார்.

"வாங்க மாமா. இன்னைக்கு நீங்கதான் சைக்காலஜிஸ்ட்டு. அந்தச் சேர்ல குந்துங்க."

"கெவுருமெண்டு வேலையா மருமவளே? பென்சன் உண்டா?"

"வேல உண்டு. பென்சன் கெடையாது. அதான் யாரும் வந்து குந்த மாட்றாங்க."

பெரியவர் சிரித்துக்கொண்டே உட்கார்வார். இரவில் ஆற்றுப் பக்கம் போகத் தோன்றுகிறதா என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வரும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் முறைக்காக வாசலில் நிற்கும்போது என் காதில் விழுந்தது இது. விழுந்திருக்கக் கூடாது. அந்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.

'தூக்க ஓ.பி.' என்ற பெயர் எப்படி வந்தது என்பதை ஆயா கதையாகச் சொல்வார். முதலில் கதவுக்கு மேலே 'மனநல சிகிச்சைப் பிரிவு' என்று நீலப் பலகை மாட்டியிருந்தார்களாம். ஆறேழு வாரம் ஈ, காக்கைகூட வரவில்லை. எதிரே டீக்கடை. அந்தப் பலகைக்குக் கீழே போய் நின்றால் மறுநாள் பெண் கேட்டு யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். சிஸ்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மூட்டுவலிக்கு நிற்கும் பெண்களின் வரிசை ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாக "தூக்கம் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார். மூன்றாவதாகக் கேட்கப்பட்ட பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாளாம். அடுத்த வியாழன் அவள் தன் நாத்தனாரையும் கூட்டிவந்தாள். 'தூக்கத்துக்கு ஒரு சிஸ்டர் வராங்க' என்று பேச்சு பரவியது. சிஸ்டர் நீலப் பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கதவில் சுண்ணக்கட்டியால் எழுதினார்: 'தூக்க ஓ.பி. வியாழன் மட்டும்.' வாரம் தவறாமல் அதன்மேல் அவரே மறுபடி எழுதுவார். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி இருக்கும்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்குத் தொடங்கியது. நடவுக்குப் போன இடத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றபடி, வரப்பைப் பார்த்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு நாற்றுமுடியை வரப்பின் மேல் வீசினாள். அப்பா எங்கெங்கோ கூட்டிப் போனார். கழிப்பு கழித்தார்கள், கயிறு கட்டினார்கள். வடலூர் வள்ளலார் தருமசாலைக்கும் போனோம். அங்கே அம்மா இரண்டு வேளை வயிறார உண்டாள், அவ்வளவுதான். கடைசியில் ஆயாதான் அப்பாவைப் பிடித்து, "தூக்கத்துக்குக் காட்டுங்க" என்றார். 'தூக்கத்துக்கு' என்றதால் அப்பா ஒப்புக்கொண்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எனக்கு முன்னால் எங்கள் வகையறாவில் ஐந்தாவது தாண்டியவர் இல்லை. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பள்ளிக்கூடச் சீருடையோடுதான் அன்றைக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றேன். தலை நிமிரவில்லை.

சிஸ்டர் அம்மாவை மூன்றாவது நாற்காலியில் உட்கார வைத்தார். "தூக்கம் எப்படிக்கா இருக்கு?"

வாரக்கணக்கில் எங்களோடு பேசாத அம்மா, "எங்க தூங்க வுடறாங்க?" என்றாள்.

"யாருக்கா வுட மாட்றாங்க?"

"அதான், வரப்புல குந்திக்கிட்டு பேசறாங்களே."

"எத்தினி பேரு?"

"மூணு பேரு."

"மூணு பேரும் ஒங்களத் திட்டறாங்களா?"

அம்மா யோசித்தாள். அவளிடம் யாரும் அதுவரை இப்படி விவரமாகக் கேட்டதில்லை. "ஒருத்திதான் திட்டறா. மத்த ரெண்டு பேரும் சும்மா ஊர்க்கத பேசறாங்க."

"சரி. திட்டறவள மொதல்ல அனுப்பி வுடுவோம்" என்றார் சிஸ்டர். மழை வரும்போல, துணியை எடுத்து உள்ளே போடுவோம் என்று சொல்வது போன்ற குரலில்.

அடுத்த மாதம் டாக்டர் வந்து பார்த்து, மாத்திரை எழுதினார். சிஸ்டர் காகிதக் கவரில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுத்தார். அம்மாவால் தானாகப் படிக்க முடிந்த ஒரே காகிதம் அதுதான். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள், "திட்டறவ போயிட்டா பாப்பா. மத்தவளுங்க இருக்காளுங்க. பரவால்ல, தொந்தரவு இல்ல." அன்றைக்கு அப்பா மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். எங்களிடம் மாடு கிடையாது, அது அடுத்த வீட்டுக் கொட்டகை.

ரத்தசோகைக் கதை அடுத்த நடவின்போது நடந்தது. வேலை கிடைக்கிற நாட்களை அம்மா விடமாட்டாள். இரண்டு வியாழன் போகவில்லை. மூன்றாவது வியாழன் மதியம் சிஸ்டரே எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, சாதாரணச் சேலையில், குடையோடு. ஆனாலும் எதிர்வீட்டுச் சித்தி விடுவாரா? "யாரும்மா நீங்க? யாருக்கு என்னா?" என்று வாசலுக்கு வந்துவிட்டார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். சிஸ்டர் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "இந்த வூட்டுப் பொண்ணுக்கு ரத்தமே இல்லம்மா. இஸ்கூல்ல டெஸ்ட்டு எடுத்ததுல தெரிஞ்சிது. அதான் மாத்திரை குடுக்க வந்தேன். கீரை ஏதாச்சும் குடுத்து ஒரு கண்ணு பாத்துக்குங்க" என்றார். அந்த வாரமே முருங்கைக்கீரை வர ஆரம்பித்தது.

உள்ளே வந்து, அம்மாவிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, என் கையிலும் ஒரு அட்டை இரும்புச்சத்து மாத்திரையைத் திணித்தார். "பொய் சொன்னா முழுசாச் சொல்லணும். தின்னு, ஒண்ணும் ஆவாது."

எதற்காக இந்த வெயிலில் நடந்து வந்தீர்கள், அடுத்த வாரம் நாங்களே வந்திருப்போமே என்றேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்டிருப்பேன். அவர் எங்கள் வீட்டுப் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "எங்க குப்பத்துல கரையில நிக்கிறவங்க, வந்து சேந்த படக எண்ண மாட்டாங்க பாப்பா. வராத படகத்தான் எண்ணுவாங்க." அவருடைய பதிவேட்டில் வந்தவர்களுக்கு ஒரு கோடு மட்டும் இருக்கும். வராதவர்களின் பெயர்தான் தனித்தாளில், பெரிய எழுத்தில்.

இப்படி வாரத்துக்கு ஐந்து ஊர். ஒருநாள் மாலை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தபோது, அதே மினிபஸ்ஸில் சிஸ்டர் இருந்தார். சிதம்பரத்தில் இறங்க வேண்டியவர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போக, பஸ் அங்கே போய்த் திரும்பி மறுபடி எங்கள் ஊருக்கே வந்து நின்றது. கண்டக்டர் எழுப்பவில்லை. "நானா எழுப்புவேன்? தூக்க சிஸ்டரே தூங்கறாங்க, எழுப்பினா பாவம் இல்ல?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். இறங்கிப்போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, அதே பஸ்ஸில் மறுபடி ஏறினார்.

இனி என்னுடைய பங்கைச் சொல்ல வேண்டும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த வருஷம். ஒரு வியாழன் சிஸ்டர் வரவில்லை. நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு முகாமுக்கு ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரைகளை மருந்தாளுநர் கொடுப்பதாக ஏற்பாடு. பதிவேடு சிஸ்டரின் பையில், நெல்லிக்குப்பத்தில். அன்றைக்குப் பார்த்து மேலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கடுமையான மனிதர் இல்லை. களைத்த முகம், கையில் ஊர்ப் பெயர்களின் பட்டியல். இருக்கிற கொஞ்சம் ஆட்களை எந்த ஊரில் வைப்பது, எந்த ஊரில் நிறுத்துவது என்று பார்க்க வந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கதவில் இருந்த சுண்ணக்கட்டி எழுத்தை அவர் இரண்டுமுறை படித்தார். வரிசையைப் பார்த்து, "மனநல சிகிச்சைக்கு வந்தவங்க யாரு?" என்று கேட்டார்.

பெரியவர்தான், சைக்காலஜிஸ்ட் நாற்காலிக்காரர், எல்லோர் சார்பிலும் பேசினார். "அப்படிப்பட்ட ஆளுங்க யாரும் இங்க வர்றதில்லீங்க. நாங்கல்லாம் தூக்கத்துக்கு வந்தவங்க."

அவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். தூக்கம். தூக்கம். தலைவலி, அப்புறம் தூக்கம். என்னிடம் வந்ததும் சீருடையைப் பார்த்து நின்றார். "படிக்கிற பொண்ணு. நீ சொல்லும்மா. அம்மாவுக்கு என்ன?"

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை நான் நூலகத்தில் தேடிப் படித்திருந்தேன்.

"தூக்கமின்மை சார்" என்றேன். சரியான தமிழ்ச் சொல் வாயில் வந்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதோடு நிறுத்தவில்லை. "மனநோய் மாதிரியெல்லாம் எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது சார்."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "நல்லா சொன்ன பாப்பா" என்றாள்.

இரண்டு மாதத்துக்குள் உத்தரவு வந்தது. தூக்கக் கோளாறுகளை வழக்கமான ஓ.பி.யிலேயே பார்த்துக்கொள்ளலாம், மற்றவர்கள் சிதம்பரம் போகலாம், வியாழக்கிழமை நர்ஸ் வேறு ஊருக்கு. கடைசி வியாழன் சிஸ்டர் வழக்கம்போல் கதவில் எழுத்தைப் புதுப்பித்தார். எல்லோருக்கும் சிதம்பரத்தில் எங்கே போக வேண்டும், எந்தக் கிழமை போக வேண்டும் என்று துண்டுச் சீட்டு. எனக்கு ஒரு முழுப் பக்கம். மாத்திரையின் பெயர், அளவு, எது நின்றால் என்ன ஆகும் என்று.

"நான் சொன்னதுனாலதானா சிஸ்டர்?" என்று கேட்டேன். எல்லோரும் போன பிறகு.

"போடி. ஆளு இல்ல. ரெண்டு பேர வெச்சிக்கிட்டு எத்தினி ஊருக்குத்தான் அனுப்புவாங்க? எங்க நோயாளி கம்மியோ அங்கதான் மொதல்ல கைய வெப்பாங்க." சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தியது என்று அவருக்கே தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மாத்திரைப் பெட்டியை அடுக்கினார். பிறகு, கடற்கரைக் குரலும் இல்லாமல் ஆஸ்பத்திரிக் குரலும் இல்லாமல், "பேர மறச்சவ நாந்தான். நீ நான் சொல்லிக்குடுத்ததத்தான் சொன்ன. மறைக்கலன்னா யாரும் வந்திருக்க மாட்டாங்க. மறச்சேன், இருக்கறதே தெரியாமப் போச்சு" என்றார்.

அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. நாலு நாற்காலிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

சிதம்பரம் எட்டாத தூரம் இல்லை. நாங்கள் போனோம். ஆனால் போய்வர ஒரு பகல் முழுவதும் ஆகும். அந்தப் பகல் கூலிக்காரர்களுக்குச் சாதாரணமானது இல்லை. பெரியவர் மூன்று முறை போனார், பிறகு நிறுத்திவிட்டார். ஒரு விடிகாலையில் அவர் கொள்ளிடக் கரையில் தனியாக நிற்பதைப் பார்த்து, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் கைப்பிடியாகக் கூட்டிவந்தார்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு, தூக்கம் வரவில்லை என்றார். அறுவடைக் காலத்தில் அம்மாவும் இரண்டு மாதம் விட்டாள். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம், பரீட்சை மும்முரம், எனக்கும் கவனம் தப்பிவிட்டது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திட்டறவ திரும்பி வந்துட்டா பாப்பா" என்றாள்.

மறுபடி சரிசெய்ய ஒரு வருஷம் ஆயிற்று. அதற்கு நடுவில்தான் நான் மனு எழுதினேன். எங்கள் சுகாதார நிலையத்தில் மனநலப் பிரிவை மீண்டும் நடத்த வேண்டும் என்று, கோணல் மாணல் இல்லாத கையெழுத்தில், ஒரு பக்கம். அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. பெரியவர் மனுவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அந்த வார்த்தைய எடுத்துட்டு தூக்கம்னு போடு கண்ணு. பத்து வெரல் ரேகையும் வெக்கிறேன்." அவர் சொன்னது நியாயமா என்று நான் யாரைக் கேட்பது? நானே ஒருகாலத்தில் அந்த வார்த்தையை எடுத்தவள்தானே. மறுபடி எழுதினேன்: 'தூக்க ஓ.பி.யை மீண்டும் நடத்தக் கோரி.' ஒரே மாலையில் பக்கம் நிறைந்துவிட்டது.

கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "கேட்டாங்கன்னா ஒம் பேரச் சொல்லட்டுமாம்மா?"

அம்மா கையை நிறுத்தவில்லை. "சொன்னா சிஸ்டரு வருவாங்களா?"

"தெரியல. யாராச்சும் வரலாம்."

"சொல்லு. எனக்கு அந்தத் திட்டறவ போவணும்."

கூடத்தில் கூட்டம். என் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "தூக்க ஓ.பி.யா? அப்படி ஒரு பிரிவே கெடையாதேம்மா. எந்தத் துறைக்கு அனுப்பறது இத?"

என் பின்னால் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர், பட்டா மனுவோடு நின்றிருந்தார்கள். அவர்கள் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"மனநலப் பிரிவுங்க சார். ஊர்ல தூக்க ஓ.பி.ன்னுதான் சொல்லுவோம். எங்க அம்மாவுக்கு மனச்சிதைவு நோய். அங்க மாத்திரை வாங்கினவங்க. இப்ப இல்லாததால நின்னுபோயி, மறுபடி வந்துடுச்சி."

"இதுல கைநாட்டு வெச்சவங்க எல்லாருக்குமேவா?"

"அவுங்கள நான் சொல்லக் கூடாது சார். எங்க அம்மா பேர எழுதிக்குங்க." பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். அவர் எழுதுவதைத் தலைகீழாகப் படித்து, எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தச் சொன்னேன். திருத்தினார்.

வெளியே வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சிஸ்டரைப் பற்றி விசாரித்தேன். இங்கேதான் இருக்கிறார், இன்றைக்கு வெளியூர் முகாம் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டதற்கு, சொன்னவருக்கே சரியாகத் தெரியவில்லை.

நான் பெரிதாக எதுவும் நடந்துவிட்டதாகச் சொல்ல வரவில்லை. என் மனுவால்தானா, வேறு காரணமா என்றும் தெரியாது. அடுத்த வருஷம் ஒரு புதிய நர்ஸ் வந்தார். வாரம் ஒருமுறை இல்லை, மாதம் இரண்டு வியாழன். அவரும் தனியாகத்தான் வந்தார். ஆயா நாலு நாற்காலிகளையும் துடைத்துப் போட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த நீலப் பலகையைக் கழுவி மறுபடி கதவுக்கு மேலே மாட்டியிருந்தார்கள்.

கல்லூரிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிப் போனேன். வாசலில் அம்மா நின்றுவிட்டாள். அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். சுண்ணக்கட்டி எழுத்து இல்லை.

"என்னா எழுதியிருக்கு பாப்பா?"

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தேன். பிறகு, வகுப்பில் படிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக, கேட்கும்படி படித்தேன். "மனநல சிகிச்சைப் பிரிவு."

"தூக்கம்னு இல்லியா?"

"இல்லம்மா."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "சரி வா" என்று எனக்கு முன்னால் உள்ளே போய், மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

புதிய நர்ஸ் சின்னப் பெண். என்ன தொந்தரவு, எத்தனை வருஷமாக என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வரப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னாள். முடிந்ததும் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பழைய சிஸ்டரு எங்கம்மா?"

"அவுங்க கடல் பக்கத்து ஊருங்கள பாக்கறாங்கம்மா. இன்னும் ரெண்டு பேரோட எடத்தையும் சேத்து அவுங்கதான் பாக்கறாங்க."

அம்மா அந்த நர்ஸின் முகத்தையே பார்த்தாள்.

"அவுங்களுக்குத் தூக்கம் எப்படி இருக்காம்?"

அந்தப் பெண் பேனாவோடு படிவத்தைப் பார்த்தாள். அதில் அப்படி ஒரு கட்டம் இல்லை. "அடுத்த மீட்டிங்குல பாத்தா கேட்டுச் சொல்றேம்மா" என்றாள்.

"கேளுங்க" என்றாள் அம்மா. "கேட்டுட்டு வந்து சொல்லுங்க. நான் அடுத்த தடவ வருவேன்."